போர் புரியாத படைப்பிரிவு: வடசீனத்தில் யப்பானின் 59 ஆவது டிவிசன்

இரண்டாம் உலகப் போரின் வரலாற்றை எழுதியோருள் பெரும்பாலோர் அதனைச் சமர்களின் வரலாறாகவே எழுதியுள்ளனர். மிட்வே, குவாடல்கனால், இம்பால், இவோஜிமா, ஒகினாவா எனக் களங்களின் பெயர்கள் வரிசையாக எடுத்துரைக்கப்படுகின்றன. எந்தப் படை எங்கே முன்னேறியது, எங்கே பின்வாங்கியது, எத்தனை பேரை இழந்தது என்பன நுணுக்கமாகக் கணக்கிடப்படுகின்றன. இக்கணக்கிலே இடம்பெறாத படைகளும் இருந்தன. அவை உலகறிந்த பெருஞ்சமர் எதிலும் பெயர் பெறவில்லை. கைப்பற்றிய நிலத்தைக் காத்து நின்றன என்ற ஒரே வரியுடன் அவற்றின் வரலாறு முடிந்துவிடுகின்றது. யப்பானிய இராணுவத்தின் 59 ஆவது காலாட் டிவிசன் அத்தகைய படைகளுள் ஒன்று.

அந்த ஒரு வரி உண்மையை உரைக்கும் வரியன்று. அதனை மறைக்கும் வரி. காவற்பணி என்பது போரற்ற நிலையன்று. களத்திலே படை படையோடு பொருதுகின்றது. காவற்பணியிலே படை மக்களோடு பொருதுகின்றது. ஆயுதமில்லாதோர் மீது தொடுக்கப்படும் போருக்குச் சமர்களின் பட்டியலில் இடமில்லை. எனவே அப்போர் நடைபெறவேயில்லை என்று கொள்ளும் வழக்கம் வரலாற்றெழுத்திலே வேரூன்றிவிட்டது. இவ்வழக்கம் அறியாமையால் மட்டும் விளைந்ததன்று. அது பலருக்கு வசதியாயிருந்தமையால் நிலைத்தது. கிராமங்களை எரித்த ஒரு படையைப் பற்றி "குறிப்பிடத்தக்க சமர் எதுவும் புரியவில்லை" என்று எழுதுவதைக் காட்டிலும் எளிதான விடுதலைப் பத்திரம் வேறு உண்டோ?

மலிவாக ஆக்கப்பட்ட படை

1941 டிசம்பரில் யப்பான் பசுபிக் போரைத் தொடங்கியபோது அதன் தரைப்படையில் ஒரு பெரும் பகுதி சீனாவிலே சிக்குண்டிருந்தது. 1937 ஜூலையில் மூண்ட சீனப் போர் முடிவின்றித் தொடர்ந்தது. புதிய களங்களுக்குத் தேர்ந்த டிவிசன்கள் வேண்டியிருந்தன. பிடித்த சீன நிலத்தைக் கைவிடவும் மனமில்லை. இவ்விரு தேவைகளின் இடுக்கிலே பிறந்ததே அமைதிகாக்கும் டிவிசன் என்னும் புதிய அமைப்பு. 1942 பெப்ரவரியில் 58, 59, 60, 68, 69, 70 என இலக்கமிடப்பட்ட ஆறு டிவிசன்கள் இவ்வகையில் உருவாக்கப்பட்டன. ஏற்கெனவே சீனாவில் நின்ற தனிக் கலப்புப் பிரிகேட்டுகளே இவ்வாறு பெயர் மாற்றி விரிக்கப்பட்டன. ஷான்துங் மாகாணத்தில் நின்ற 10 ஆவது தனிக் கலப்புப் பிரிகேட் 59 ஆவது டிவிசனாயிற்று.

அதன் அமைப்பை நோக்குமிடத்து அதன் நோக்கமும் புலனாகும். வழமையான டிவிசனுக்குரிய ரெஜிமென்டுகள் அதற்கு வழங்கப்படவில்லை. 53 ஆவது, 54 ஆவது என இரு காலாட் பிரிகேட்டுகளும், ஒவ்வொரு பிரிகேட்டிலும் நான்கு தனிக் காலாட் பட்டாலியன்களுமே அதன் உடல். ஏறத்தாழ 12,000 பேர் கொண்ட இப்படைக்கு வழமையான டிவிசனுக்குரிய பீரங்கி ரெஜிமென்டும் இல்லை. வேறொரு நவீன இராணுவத்தை எதிர்கொள்வதற்காக எவரும் இத்தகைய படையை அமைப்பதில்லை. பீரங்கி இல்லாத எதிரியை, பெரும்பாலும் துப்பாக்கியே இல்லாத எதிரியை மனத்திற்கொண்டே இது அமைக்கப்பட்டது. அந்த எதிரி கிராமத்தில் இருந்தான், வயலில் இருந்தான், அடுப்படியிலும் இருந்தான்.

டிவிசனின் தலைமையகம் முதலில் தைஷான் மலையடிவாரத்து நகரான தைஆனிலும், பின்னர் மாகாணத் தலைநகரான ஜினானிலும் அமைந்தது. தியென்சின்-புகோவ் இருப்புப்பாதை இவ்விரு நகரங்களையும் ஊடறுத்துச் செல்வது கவனிக்கத்தக்கது. இருப்புப்பாதையும் நிலக்கரியும் பருத்தியும் உப்பும் தானியமுமே அங்கு காக்கப்பட வேண்டியிருந்தன. "காவல்" என்ற சொல்லைக் கேட்போர் எதனைக் காத்தார்கள், எவரிடமிருந்து காத்தார்கள் என்று வினவாது விடுவரேல் அச்சொல் அவர்களை ஏமாற்றிவிடும். ஷான்துங்கின் விளைபொருளை ஷான்துங்கின் குடியானவனிடமிருந்து காப்பதே அங்கு காவல் எனப்பட்டது.

பரந்த மாகாணம்; சிறிய படை. பட்டாலியன் கம்பனிகளாகவும், கம்பனி சிறு குழுக்களாகவும் பிரிக்கப்பட்டு ஊருக்கு ஊர் காவலரண்களில் இருத்தப்பட்டது. சில காவலரண்களிலே சில பத்துப் பேர். வேறு சிலவற்றில் அதனினும் குறைவு. சுற்றிலும் மொழி விளங்காத ஆயிரக்கணக்கான மக்கள். இரவிலே வெளியே செல்ல அஞ்சும் படை, பகலிலே மற்றவரை அஞ்சவைப்பதன் மூலமே அங்கு நிலைபெற முடியும். உணவுக்கும் விறகுக்கும் கூலியாளுக்கும் அது கிராமத்தையே நம்பியிருந்தது. அதே கிராமத்தையே அது சந்தேகித்தது. இவ்விரண்டும் சேரும் இடத்தில் கொடுமை என்பது தற்செயலான நிகழ்வாக இராது, அன்றாட நிர்வாகமாகிவிடும்.

அமைதி என்னும் சொல்

1940 ஆகஸ்டில் வடசீனத்தில் எட்டாவது மார்க்க சேனை தொடுத்த "நூறு ரெஜிமென்டுகளின் தாக்குதல்" யப்பானியத் தலைமையை அதிரவைத்தது. 1941 ஜூலையில் வடசீனப் பிரதேச இராணுவத்தின் தளபதியாகப் பொறுப்பேற்ற ஒகமுரா யசுஜி, மக்களையும் கெரில்லாக்களையும் பிரிப்பதையே தலையாய பணியாக்கினார். நாடு மூன்று வகைப் பிரதேசங்களாக வகுக்கப்பட்டது: அமைதி நிலவும் பிரதேசம், அரைகுறையாக அமைதி நிலவும் பிரதேசம், அமைதி நிலவாத பிரதேசம். முதலாவதிலே வரியும் தானியமும் பெறப்பட்டன. மூன்றாவதிலே வீடுகள் எரிக்கப்பட்டன, தானியம் அள்ளப்பட்டது, மனிதர் கொல்லப்பட்டனர் அல்லது துரத்தப்பட்டனர். பல்லாயிரம் கிலோமீற்றர் நீளமான அகழிகளும் சுவர்களும் வயல்களைப் பிளந்து எழுப்பப்பட்டன. அவற்றை வெட்டியோரும் அந்த வயல்களின் உடைமையாளரே; கூலியின்றி, துப்பாக்கி முனையில்.

இதனைச் சீன மக்கள் "மூன்று அனைத்தும்" என்று அழைத்தனர்: அனைவரையும் கொல், அனைத்தையும் எரி, அனைத்தையும் கொள்ளையிடு. யப்பானிய இராணுவமோ இதனை "அமைதியை வலுப்படுத்தும் இயக்கம்" என்றது. வடசீனத்தில் இம்முறையால் மாண்ட பொதுமக்கள் 27 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என யப்பானிய வரலாற்றாசிரியர் ஹிமேதா மிட்சுயோஷி மதிப்பிட்டுள்ளார். யப்பானின் பாதுகாப்புத் துறை 1966 முதல் 1980 வரை 102 தொகுதிகளாக வெளியிட்ட அதிகாரபூர்வப் போர் வரலாற்றில், வடசீனத்துக்குரிய இரு தொகுதிகள் 1968 இலும் 1971 இலும் வெளிவந்தன. அவற்றின் தலைப்பு: "வடசீனத்தின் அமைதிப் போர்". போர் முடிந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னரும் எரித்தவன் சூட்டிய பெயரே நூலின் முகப்பில் நிலைத்திருந்தது. சொல்லைத் தெரிவு செய்யும் உரிமை எவரிடம் உள்ளதோ, அவரிடமே தீர்ப்பும் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இந்த "அமைதி"யின் உள்ளடக்கம் யாது? 59 ஆவது டிவிசனின் வீரர்கள் பிற்காலத்தில் அளித்த வாக்குமூலங்கள் அதனை விரித்துரைக்கின்றன. புதிதாகச் சேர்ந்த இளைஞர், கட்டிவைக்கப்பட்ட கைதிகளைத் துப்பாக்கி ஈட்டியாற் குத்திக் கொல்லுமாறு பணிக்கப்பட்டனர். அது பயிற்சி எனப்பட்டது. கிராமங்களுட் புகுந்த சிறு குழுக்கள் தானியத்தை அள்ளியபோது பெண்களும் பாலியல் வன்முறைக்கு ஆளாயினர். அது எவராலும் தண்டிக்கப்படவில்லை. 1943 ஆம் ஆண்டின் வெள்ளக் காலத்தில் லின்சிங் அருகே வெய் ஆற்றின் கரையைத் தம் கையாலேயே உடைத்ததாக இப்பிரிவினர் சிலர் ஒப்புக்கொண்டனர். வெள்ளம் புகுந்தது குடியானவரின் நிலத்திலே. அவ்வாண்டிலே அப்பகுதியில் கொலராவும் பரவியது. இவற்றுள் ஒன்றேனும் சமர் என்ற வரைவிலக்கணத்துள் அடங்காது. எனவே சமர்களை மட்டும் எண்ணும் வரலாற்றின் ஏட்டிலே இவை பதிவாகா.

ஆட்களைப் பிடிப்பதும் காவற்பணியாகவே கருதப்பட்டது. யப்பானின் சுரங்கங்களிலும் துறைமுகங்களிலும் கூலியாள் பற்றாக்குறை ஏற்பட்டதனால், சீனரைக் கொண்டுவரும் முடிவை 1942 நவம்பரில் யப்பானிய அமைச்சரவை எடுத்தது. ஷான்துங் அதற்குரிய பெருங் களஞ்சியமாயிற்று. படையினர் நீண்ட வரிசையாக நின்று, பகலெல்லாம் ஊர்களை வளைத்து முன்னேறி, அகப்பட்ட ஆடவரைத் திரட்டினர். இதற்கு அவர்கள் தமக்குள் இட்டுக்கொண்ட பெயர் முயல் வேட்டை. யப்பானிய வெளிநாட்டமைச்சு 1946 இல் தொகுத்த அறிக்கையின்படி 38,935 சீனர் 135 வேலைத்தலங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் 6,830 பேர் இறந்தனர். இவ்வெண்கள் எதிரியின் பரப்புரையல்ல. கொண்டுசென்ற அரசே எழுதிய கணக்கு.

அவ்வெண்களுள் ஒருவர் லியூ லியென்ரென். ஷான்துங்கின் காவோமி மாவட்டத்துக் குடியானவர். 1944 செப்டெம்பரில், கர்ப்பிணியான மனைவியை வீட்டிலே விட்டிருந்த நிலையில், பிடிக்கப்பட்டு ஹொக்கைடோவின் நிலக்கரிச் சுரங்கமொன்றுக்கு அனுப்பப்பட்டார். 1945 ஜூலையில், போர் முடிவதற்குச் சில வாரங்களே இருந்த வேளையில், அங்கிருந்து தப்பினார். போர் முடிந்த செய்தி அவரை எட்டவில்லை. பனி மூடிய மலைக்காடுகளிலே பள்ளந்தோண்டி ஒளிந்து 13 குளிர்காலங்களைக் கழித்தார். 1958 பெப்ரவரியிலேதான் அவர் கண்டெடுக்கப்பட்டார். வரலாற்று நூல்கள் போர் 1945 ஆகஸ்டிலே முடிந்தது என்கின்றன. எவருக்கு முடிந்தது என்ற வினாவை அவை எழுப்புவதில்லை.

வழக்கமான மூன்று மறுப்புகள்

இக்கொடுமைகள் சில தனிமனிதரின் ஒழுக்கக்கேடு என்பர் ஒரு சாரார். கொடுமை விதிவிலக்காக நிகழ்ந்திருப்பின் இவ்வாதம் எடுபடும். ஆனால் புதிய சிப்பாய்களைப் பழக்குவதற்குக் கைதிகளைக் குத்திக் கொல்லச் செய்வதே விரைவான வழி எனத் தம் கீழிருந்த அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டவர், 59 ஆவது டிவிசனின் இறுதித் தளபதியான புஜித்தா ஷிகெருவே. தளபதி பயிற்சிமுறையாகக் கற்பித்ததைச் சிப்பாயின் ஒழுக்கக்கேடு என்பது எவ்வகையில் நியாயமாகும்? ஆணையிட்டவனைக் காப்பதற்காக ஆணையை நிறைவேற்றியவனை மட்டும் பலியிடும் வாதம் இது.

யப்பானியரின் இயல்பே அது என்பர் மற்றொரு சாரார். இது முன்னையதினும் இழிந்த வாதம். ஏனெனில் இது சிந்தனையையே தேவையற்றதாக்குகின்றது. இச்சிப்பாய்களுட் பலர் சாதாரண உழவர், கடைச் சிப்பந்திகள், தொழிலாளர். அவர்களைக் கொலைஞராக்கியது இரத்தமன்று, அமைப்பு. மேலதிகாரியின் அறையும் உதையும் அன்றாட உணவாயிருந்த இராணுவம் அது. 1942 டிசம்பரிலே குவாந்தாவோவில் நிலைகொண்டிருந்த இதே டிவிசனின் சிப்பாய்கள் சிலர், இடமாற்ற உத்தரவினாற் குமுறி, மதுவெறியிலே தம் சொந்த அதிகாரிகள்மீதே ஆயுதம் ஏந்தினர். மேலிருந்து இறங்கிய வன்முறை, கீழே கிராமத்தின்மீது கொட்டப்பட்டது. ஓரிரவு அது மேல்நோக்கித் திரும்பியது. கிராமம் எரிந்தபோது அசையாத இராணுவத் தலைமை, அந்த ஓரிரவின் பின்னரே ஒழுங்கைப் பற்றிக் கவலை கொண்டது.

மூன்றாவது மறுப்பே வலுவானது. எனவே விரிவான விடைக்குரியது. இவ்வாக்குமூலங்கள் சீனச் சிறையிலே பெறப்பட்டவை, எனவே நம்பத்தகாதவை என்பதே அது. 1945 ஜூலையில் இந்த டிவிசன் ஷான்துங்கிலிருந்து கொரியாவின் வடபகுதிக்கு மாற்றப்பட்டது. அடுத்த மாதமே சோவியத் படையிடம் சரணடைந்து, சைபீரியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1950 ஜூலையில் 969 யப்பானியக் கைதிகளைச் சோவியத் ஒன்றியம் சீனாவிடம் கையளித்தது. அவர்கள் புஷுன் சிறையிலே வைக்கப்பட்டனர். அவர்களுள் 59 ஆவது, 39 ஆவது டிவிசன்களைச் சேர்ந்தோர் கணிசமானோர். 1956 இல், ஏனைய இடங்களில் இருந்தோரையும் சேர்த்து, 45 பேர் மீது மட்டுமே வழக்குத் தொடரப்பட்டது. எவருக்கும் மரண தண்டனை விதிக்கப்படவில்லை. புஜித்தா 18 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்று, அக்காலம் முடியுமுன்னரே விடுவிக்கப்பட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வழக்கின்றியே நாடு திரும்பினர். சீன அரசுக்கு இதில் அரசியல் நோக்கம் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

ஆயினும் சிறையிலே சொன்னது பொய்யாயின், சிறை நீங்கியதும் அதனை மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு யப்பானிலே தடை இருக்கவில்லை, பரிசே காத்திருந்தது. அவர்கள் மறுக்கவில்லை. 1957 இல் சீனாவிலிருந்து திரும்பியோர் சங்கம் ஒன்றை நிறுவினர். புஜித்தாவே பின்னர் அதன் தலைவரானார். அவ்வாண்டிலேயே தம் குற்றங்களைத் தம் வாயாலேயே கூறும் நூலொன்றை வெளியிட்டனர். வலதுசாரிகளின் அச்சுறுத்தல் அந்நூலின் மறுபதிப்பைத் தடுத்தது. மூளைச் சலவை செய்யப்பட்டோர் என்று ஏசப்பட்டனர். 2000 டிசம்பரிலே தோக்கியோவில் கூடிய, பெண்கள்மீதான போர்க்குற்றங்களை ஆராய்ந்த மக்கள் நீதிமன்றிலே, இந்த டிவிசனைச் சேர்ந்த முதியவர் இருவர் எழுந்து தாம் புரிந்த பாலியல் வன்முறைகளைச் சொன்னார்கள். முதுமை காரணமாகச் சங்கம் 2002 இலே கலைக்கப்படும் வரை, ஏறத்தாழ 45 ஆண்டுகள் அதன் உறுப்பினர் பேசினர். தன்னைத் தானே குற்றஞ்சாட்டும் பொய்யை, எவ்வித ஆதாயமும் இன்றி, சொந்த நாட்டவரின் வசைக்கிடையே அரை நூற்றாண்டளவு காலம் எவரேனும் சொல்லிவருவரா?

மன்னித்தவர் எவர்?

குற்றத்தை ஒப்புக்கொண்ட சிப்பாய் பொய்யன் எனப்பட்டான். திட்டத்தை வகுத்த தளபதிக்கு நேர்ந்தது யாது? 1949 ஜனவரியில் ஷாங்காயில் கூடிய தேசியவாத அரசின் இராணுவ நீதிமன்று ஒகமுரா யசுஜியைக் குற்றமற்றவர் என விடுவித்தது. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான உள்நாட்டுப் போரிலே அவருடைய அனுபவம் சியாங் கைஷேக்குக்கு வேண்டியிருந்தது. கிராமங்களை எரித்து மக்களை அடக்கும் கலை, குற்றமாகக் கருதப்படாமல் நிபுணத்துவமாக மதிக்கப்பட்டது. மேலே வசதி என்று கூறப்பட்டதன் பொருள் இதுவே: காவற்பணியைக் குற்றமென்று ஏற்பின், நாளை அதே பணியைச் செய்யவிருக்கும் அரசுகள் யாவும் கூண்டில் ஏற வேண்டியிருக்கும்.

1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் யப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்யக் கூடிய மாநாட்டிலே இலங்கையின் குரல் பெரிதும் பாராட்டப்பட்டது. அப்போது நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, பகைமை பகைமையால் தணியாது என்னும் புத்தரின் போதனையைச் சுட்டி, இலங்கை நட்டஈடு கோராது என அறிவித்தார். இலங்கையைப் பொறுத்தவரை அது பெருந்தன்மையான செயலே. ஆனால் 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் நிகழ்ந்த வான்தாக்குதல்களே இத்தீவு யப்பானியப் படையிடம் பட்ட துன்பத்தின் பெரும்பகுதி. இரு நாட் குண்டுவீச்சை மன்னிப்பது வேறு. ஆண்டுக்கணக்கான காவலரண் ஆட்சியை மன்னிப்பது வேறு. அந்த மாநாட்டுக்குச் சீனாவின் எந்த அரசும் அழைக்கப்படவில்லை. ஷான்துங்கின் குடியானவனுக்கு அங்கே நாற்காலியே இல்லை. பகைமை ஒழியவேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இராது. பட்டவன் வாய் திறக்குமுன் பிறர் கணக்கை முடித்துவைப்பது பகையொழிப்பாகாது என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

1972 இல் யப்பானும் சீனாவும் கூட்டறிக்கையிலே ஒப்பமிட்டபோது சீன அரசும் நட்டஈட்டைக் கைவிட்டது. லியூ லியென்ரென் தொடுத்த வழக்கிலே 2001 இல் தோக்கியோ மாவட்ட நீதிமன்று இரண்டு கோடி யென் வழங்கத் தீர்ப்பளித்தது; அவர் முந்திய ஆண்டே இறந்துவிட்டார். 2005 இல் மேல்நீதிமன்று அத்தீர்ப்பையும் மாற்றியது. 2007 ஏப்ரலில் யப்பானின் உச்ச நீதிமன்று, 1972 ஆம் ஆண்டின் கூட்டறிக்கையோடு தனிமனிதர் வழக்காடும் உரிமையும் அற்றுவிட்டது எனக் கூறிக் கதவை மூடியது. அரசுகள் அரசுகளை மன்னித்துக்கொண்டன. அகழி வெட்டியவனையும் ஆற்றில் அள்ளுண்டவனையும் பனிக்குழியிலே கிடந்தவனையும் எவரும் கேட்கவில்லை.

இந்நிலையிலே வரலாற்று மாணவனின் கடமை யாது? படையொன்றின் வரலாற்றை அது புரிந்த சமர்களைக் கொண்டு அளக்கும் அளவுகோலை முதலில் உடைத்தெறிதல் வேண்டும். அது எங்கே தங்கியது, எதை உண்டது, அந்த உணவு எவருடைய களஞ்சியத்திலிருந்து வந்தது, அதன் அகழிகளை வெட்டியவர் எவர், அது தங்கிய ஊரிலே இரவில் எவர் விளக்கேற்ற அஞ்சினர் என்பனவே கேட்கப்பட வேண்டிய வினாக்கள். இவ்வினாக்களைக் கேட்டால் 59 ஆவது டிவிசனின் வெற்றுப் பக்கம் நிரம்பி வழியும். "அமைதி", "ஒழுங்கு", "காவல்" முதலிய சொற்களை எந்த இராணுவம் எந்நாட்டில் வழங்கினும், அச்சொற்களின் பொருளை அந்த இராணுவத்தின் அறிக்கையிலே தேடலாகாது. காவலரணின் நிழல் விழுந்த முற்றத்திலே வாழ்ந்தவரைக் கேட்டே அப்பொருளை அறிதல் வேண்டும்.